சூட்டு அலமாரியில் ஒரு கம்ப்யூட்டர்

ரொட்டிக்கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் மூக்கர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் கடை உரிமத்தில் இருந்ததோடு சரி. மாவு புளித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மற்ற ரொட்டிக்காரர்கள் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார்கள். இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். நல்ல மூக்கு அமைவது பாக்கியம் என்று நினைக்கிறவர்கள் அவரோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் தண்ணீர்க் கிளாஸை மோந்துவிட்டு அப்படியே கீழே வைப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதுவரை தெரிந்தால் ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாக ஊர் போய்ச் சேருவான்?

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்குப் பழைய கம்ப்யூட்டர் என்றால் உயிர்.

அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். எங்கேயாவது ஒரு ஆபீஸை இழுத்து மூடுகிறார்கள், ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், லீவு போட்டுவிட்டுப் போய் நிற்பாள். மற்றவர்கள் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். இவள் மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கிற முப்பது வருஷத்துக் கம்ப்யூட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவாள். கீழே ரொட்டிக்கடை, மேலே வீடு. வீட்டின் பின்னறையில் இப்படி ஆறு சேர்ந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழாவது வந்தது.

மூக்கர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். போர்வையில் சுற்றிய பெட்டியின் ஒரு பக்கத்தை மனைவி பிடித்திருந்தாள், இன்னொரு பக்கத்தை அவருடைய தங்கை. தங்கை கல்லாவில் நிற்பவள், புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு இருப்பவள். அண்ணியின் கிறுக்குத்தனங்களுக்கெல்லாம் கூடமாட ஒத்தாசை அவள்தான்.

"எலி மூத்திரம் நாறுது" என்றார் மூக்கர்.

"பன்னெண்டு வருஷமா பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம்ல கிடந்திருக்கு. வேற என்ன நாறும், மல்லிகைப்பூவா?"

"சாப்பிடுற நேரம் பாத்துக் கொண்டு வரணுமா?"

"இப்ப ஏத்தலேன்னா லாரிக்காரன் விட்டுட்டுப் போயிடுவேன்னு சொன்னான். நீங்க சாப்பிடுங்க. நான் சும்மா திறந்து மட்டும் பாக்குறேன்."

கூடத்தில் பேப்பரை விரித்து, திருப்புளியை எடுத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை புரியாது, சொன்னால் சாப்பாடு இறங்காது. எலி ஒன்று பஞ்சும் காகிதமுமாக மெத்தை போட்டுக் குடித்தனம் நடத்தியிருந்தது. மெத்தையில் ஊறின மூத்திரம் பச்சை மின்சுற்றுப் பலகைமேல் இறங்கிக் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. காற்றாடி இறக்கையில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டே செத்திருந்தது. இடுக்கெல்லாம் கரப்பான் புழுக்கை, மிளகுப்பொடி தூவின மாதிரி. மூக்கர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"சீ. மனுஷங்க இருக்கிற வீடா இது?"

"பலகை நல்லா இருக்குங்க" என்றாள் அவள். பல்லியைப் பேப்பர் நுனியால் ஒதுக்கிவிட்டு, அந்தக் குப்பைக்குள் விரலை விட்டு எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "எலி எல்லாத்தையும் கடிச்சிருக்கு, இதை மட்டும் விட்டு வச்சிருக்கு."

"அண்ணி, அந்தப் பல்லியை நான் எடுத்துப் போடவா?" என்றாள் தங்கை.

"போடு. இவரு மயக்கம் போட்டு விழுந்திடப் போறாரு."

அடுத்த வாரம் வீட்டுக்குள் மீன் நாறியது. மூக்கர் மாடிப்படி ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அழுகின மீனை எவன்கிட்ட வாங்கின?"

"மீன் இல்லீங்க, கெப்பாசிட்டர்." பலகைமேல் பாசிமணி அளவில் நின்ற சின்னத் தகர உருளைகளை ஈயம் பற்றவைக்கிற சால்டரால் சுட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "வயசானா இதுக்குள்ள இருக்கிற திரவம் ஒழுகும். சூடு பட்டா இப்படித்தான் மீன் நாத்தம் வரும். நாறுதுன்னா ஒழுகியிருக்குன்னு அர்த்தம். உங்க மூக்கு இருந்தா எனக்கு வேலை சுலபம். இந்தப் பக்கம் கொஞ்சம் மோந்து பாருங்களேன், இன்னும் எங்கயாச்சும் இருக்கான்னு."

"என்னை நாய்னு நினைச்சியா?"

அவள் சிரித்தாளே தவிர விடவில்லை. பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள், ஸ்பிரிட்டில் கழுவினாள், உருளைகளுக்குப் புதிது வைத்தாள். ஆபீஸ் விட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய் உட்காருவாள். மூன்றாம் வாரம் அதற்கு உயிர் வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவரை முன்னால் நிறுத்தினாள். கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டா வந்து நிக்குது பாருங்க. பாஸ்வேர்டு கேக்கல, புதுசா எதையாச்சும் ஏத்திக்கோன்னு உயிரை வாங்கல, எதையும் விக்கப் பாக்கல. என்ன வேணும்னு கேட்டுட்டு சும்மா காத்துக்கிட்டு இருக்கு. நான் தப்பா அடிச்சா தப்புன்னு மட்டும் சொல்லும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காது. இந்த வீட்ல வேற யாரு அப்படி இருக்கீங்க?"

மூக்கருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எலி வாடை இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

இதற்கிடையில் கடை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. தெருமுனைப் பெரிய கடையில் வண்ணப் பையில் அடைத்த கம்பெனி ரொட்டி வந்து இறங்கியதிலிருந்து இவர் கடைப்பக்கம் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இரண்டு அடுப்பில் ஒன்று ஆறிக் கிடந்தது. கம்பெனிக்காரர்களே ஆள் அனுப்பி, எங்கள் பட்டறையில் வேலைக்கு வந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். நாற்பத்தெட்டு வயசில் இன்னொருத்தன் மாவைப் பிசைவதா என்று இவர் பதில் சொல்லாமல் இருந்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போடுகிற வாய்ப்பு வந்தது. நோயாளிகளுக்குத் தினமும் ரொட்டி போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தார். அங்கே சமையலறை மேற்பார்வை பார்க்கிற அம்மா மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். தன் கண் முன்னால் அடுப்பிலிருந்து இருபது ரொட்டி எடுக்க வேண்டுமாம். அன்று ராத்திரியே அது வார்டுக்குப் போகும். அது கிடைத்தால் கடை இருக்கும், கிடைக்காவிட்டால் கம்பெனிப் பட்டறைதான்.

"சுத்தம்தான் முக்கியம்னு சொன்னாங்க" என்றார் வீட்டில்.

"அதுக்கு நம்மளை விட்டா ஆளு யாரு" என்றாள் தங்கை.

மனைவி அப்போது வேறு கவலையில் இருந்தாள். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்துவிட்டது, மேல் கூடு மட்டும் காவி ஏறின பல் மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. அந்தக் காலத்து பிளாஸ்டிக் அப்படித்தான் பழுக்குமாம். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. அழகு நிலையத்தில் முடியை வெளுக்கப் போடுகிற க்ரீமைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி நாள் முழுக்க வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும். மழை பிடித்துக்கொண்டு வெயில் முகம் கண்டு இருபது நாள் ஆகியிருந்தது.

"வெயில் இல்லாட்டி, ஒரே மாதிரி சூடு இருந்தா போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவள், திரும்பி, "ஏங்க, நம்ம சூட்டு அலமாரி எத்தனை டிகிரில இருக்கும்?" என்றாள்.

சூட்டு அலமாரி என்பது பிசைந்த மாவை அச்சில் போட்டு உப்பவைக்கிற ஆளுயரத் தகர அலமாரி. அடியில் தண்ணீர்த் தட்டு, அதன்கீழ் சூட்டுக் கம்பி. கதகதவென்று ஈரச் சூடு.

"முப்பத்தெட்டு" என்றார் மூக்கர் பெருமையாக. "ஒரு டிகிரி ஏறாது, இறங்காது. ஏன்?"

"சும்மாதான்."

கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் தன் தொழிலைப் பற்றி அவள் கேட்டது அதுதான் இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. மனுஷன் குளிர்ந்துபோய், தண்ணீர்த் தட்டை எத்தனை மணிக்கு ஒரு தரம் நிரப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தார்.

கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அதற்குப் பிறகு வந்த மூன்று வியாழக்கிழமைகளிலும் காலையில் கடையைத் திறந்தபோது அழகு நிலைய வாடை லேசாக அடித்தது. மூன்று தரமும் தங்கைக்குத்தான் திட்டு விழுந்தது.

"தலைக்கு என்னத்தைப் போட்டுட்டு வந்து நிக்கிற? மாவுல ஏறும்."

"நான் தலைக்குத் தண்ணியைத் தவிர எதுவும் போடலண்ணா."

"பின்ன என் மூக்கு பொய் சொல்லுதா?"

மூக்கு பொய் சொல்லவில்லை. மாடியில் ஏழாவது கம்ப்யூட்டரின் கூடு வாரா வாரம் வெளுத்து, பால் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த அறைப்பக்கமே எட்டிப் பார்க்காத மூக்கருக்கு, மழைக்காலத்தில் எப்படி வெளுத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வியாழன்தான் அந்தம்மா வருகிற நாள். காலையிலேயே தரையைத் தேய்த்துக் கழுவியாயிற்று. மேஜையைச் சுரண்டி வெந்நீர் ஊற்றியாயிற்று. மத்தியானம் மாவு பிசைந்து இருபது அச்சில் போட்டுச் சூட்டு அலமாரியில் அடுக்கினார். மூன்றேகால் ஆனபோது மாவு உப்பியிருக்கும் என்று அலமாரிப் பக்கம் போனார். போனவர் நின்றார். ஈஸ்ட் வாடைக்கு அடியில் வேறொரு வாடை. எண்ணெய்ச் சிக்கு மாதிரி, பழைய மூட்டை மாதிரி ஒன்று. தன் கடையில் அவர் ஒருநாளும் மோந்திராத வாடை. கதவைத் திறந்தார்.

மாவு நன்றாக உப்பி, அச்சு விளிம்புக்கு மேலே குமிழாக நின்றது. அதன்மேல் என்னவோ ஊர்ந்தது. அரிசி நொய் அளவில், வெள்ளை வெளேரென்று, மீசையை ஆட்டிக்கொண்டு. ஒன்றா இரண்டா. பொரிந்து ஒரு மணிநேரம்கூட ஆகாத கரப்பான் குஞ்சுகள். சில அதற்குள் பழுப்பு ஏறியிருந்தன. சில மாவில் கால் ஒட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தன. அடித்தட்டில், தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில், வெடித்த முட்டைப் பைகள் ஏழெட்டு, உரித்த பருப்புத் தோல் மாதிரி கிடந்தன. மூக்கர் சாக்கடை ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

சத்தம் கேட்டு மனைவியும் தங்கையும் ஓடி வந்தார்கள். அந்தம்மா வருகிறார் என்பதற்காக மனைவி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அலமாரிக்குள் பார்த்தாள். முட்டைப் பைகளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான்" என்றாள்.

"என்ன நான்தான்?"

"புதன்கிழமை கடை லீவுதானேன்னு கூட்டை இதுக்குள்ள வச்சேன். மூணு வாரம் வச்சேன். வைக்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தான் கழுவினேன். உள் இடுக்குல ஒட்டியிருந்திருக்கு, ஈரச் சூட்டுல கழண்டு கீழ விழுந்திருக்கு. நான் பாக்கல."

மூக்கருக்கு வாயைத் துடைக்கத் தோன்றவில்லை. "எலி மூத்திரம் நாறின அந்தப் பொட்டியை, நான் மாவு வைக்கிற இடத்துல வச்சியா?"

"வச்சேன். தப்புதான்."

"தப்பா? தூ. உன்னையெல்லாம் கட்டிக்கிட்டு ஒரே கூரைக்குக் கீழ பத்தொன்பது வருஷம் சோறு தின்னிருக்கேனே, அதை நினைச்சாலே குமட்டுது."

"அண்ணா" என்றாள் தங்கை.

"திட்டுங்க" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "அப்புறமா எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இப்ப இந்த மாவைத் தூக்கிப் போட்டுட்டு அந்தம்மாவுக்கு போன் பண்ணுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க."

மூக்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. புது மாவு பிசைந்து உப்ப வைத்துச் சுடுவதற்கு மூன்று மணிநேரம் வேண்டும். நாளைக்கு வாருங்கள் என்றால் அந்தம்மா ஏன் வருகிறார், கம்பெனிக்காரனிடம் போய்விடுவார்.

அவர் மாடிக்குப் போய் மனைவியின் கருவிப் பெட்டியிலிருந்து ஊசிமுனைச் சாமணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் அச்சைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாவில் ஒட்டியிருந்த குஞ்சு ஒன்றைக் கிள்ளி எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார்.

"என்ன பண்றீங்க?"

"தெரியல? பொறுக்குறேன்."

"பொறுக்கி?"

"சுடுவேன். இருநூத்திருபது டிகிரியில எது உயிரோட இருக்கும்?"

"உயிரோட இருக்காது, உள்ளதான் இருக்கும். மாவுக்குள்ள எத்தனை போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? ஏங்க, அது வார்டுக்குப் போற ரொட்டி. வயித்தைக் கிழிச்சுத் தைச்சுட்டுப் படுத்திருக்கிறவங்க திங்கிறது."

"இந்த நியாயம் எல்லாம் அந்தப் பொட்டியை உள்ள வைக்கும்போது எங்க போச்சு?"

அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"இங்க பாருங்க. மேல ஏழு இருக்கு. ஏழையும் தூக்கிப் போட்டுடறேன். இன்னைக்கே, பழைய சாமான்காரனை வரச் சொல்லி, சால்டர் முதக்கொண்டு எல்லாத்தையும் கொடுத்துடறேன். இனி ஒரு ஒயர்கூட இந்த வீட்டுக்குள்ள வராது. நீங்க இந்த இருபதைத் தூக்கிப் போடுங்க."

தங்கை அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஏழும் அண்ணிக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். மூக்கருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாமணம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது.

"உன் குப்பையும் என் ரொட்டியும் ஒண்ணா?" என்றார். "அந்த வாளியை இந்தப் பக்கம் நகர்த்து."

அவள் நகர்த்தவில்லை. தங்கைதான் நகர்த்தினாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. மூன்றே முக்காலுக்கு இருபது அச்சும் அடுப்புக்குள் போயின. அலமாரியைக் கழுவினார்கள். குஞ்சுகளும் வெடித்த பைகளும் பினாயிலுமாகக் கழுவின தண்ணீர் அதே வாளியில் சேர்ந்து, பின்வாசலுக்குப் பக்கத்தில் ஈரத்துணியால் மூடி வைக்கப்பட்டது.

அந்தம்மா சரியாக நாலு மணிக்கு வேனில் வந்து இறங்கினார். ஐம்பது வயசிருக்கும். பேச்சு கறார், சிரிப்பு நல்ல சிரிப்பு. மேஜையின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். மாவு மூட்டை தரையில் படாமல் பலகைமேல் இருக்கிறதா என்று பார்த்தார். சூட்டு அலமாரியைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, "இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். மூக்கர் கைகட்டி நின்றார். அடுப்பிலிருந்து ரொட்டி வந்தது. தேன் நிறம், நல்ல உயரம். வாசனை தெருவரைக்கும் போனது.

"எங்க சமையலறையில ஒரு வழக்கம்" என்றார் அந்தம்மா. "செஞ்சவங்க முதல் துண்டு சாப்பிடணும். அதுக்கப்புறம்தான் நாங்க கை வைப்போம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"அதனால என்ன" என்றார் மூக்கர்.

மனைவி பின்வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவர் சாப்பிட மாட்டார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். தட்டில் ஒரு முடி கிடந்தால் இரண்டு நாள் பட்டினி கிடக்கிற மனுஷன். தொண்டையில் இறங்காது, குமட்டும், குட்டு உடையும், விஷயம் அதோடு முடியும். அப்படித்தான் கணக்குப் போட்டு நின்றாள்.

மூக்கர் ரொட்டியை அறுத்தார். நடுத் துண்டை எடுத்தார். வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்த மாதிரி இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. வாயில் வைத்து மென்றார். மென்று விழுங்கினார். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை, வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி நன்றாக இருந்தது. மீதித் துண்டையும் வாயில் போட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, அந்தம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மனைவிக்கு அந்தச் சிரிப்பைக் கண்டதும் உடம்பு கூசியது.

அந்தம்மாவும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். பையைத் திறந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்து, "எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுறேன். ரொட்டியை வேன்ல ஏத்தச் சொல்லுங்க" என்றார்.

தங்கை பத்தொன்பது ரொட்டியையும் கூடையில் அடுக்கினாள். மனைவி பின்வாசலிலிருந்து நடந்து வந்தாள், கையில் வாளியோடு. மூடியிருந்த ஈரத்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாளியைத் தூக்கி, அவசரமே இல்லாமல், ஒரு ரொட்டியும் விடாமல் கூடை முழுக்கக் கவிழ்த்தாள். அழுக்குத் தண்ணீர் கூடை வழியாக ஒழுகித் தரையெல்லாம் ஓடியது. சூடான ரொட்டிமேல் பினாயில் பட்டு ஆவி எழுந்தது.

"என்னம்மா பண்றீங்க?" அந்தம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பைத்தியமா உங்களுக்கு?"

"மாவுல கரப்பான் பொரிச்சிருந்துச்சு மேடம்" என்றாள் அவள். "தண்ணியில மிதக்குது பாருங்க. பூச்சி என்னோடது. ரொட்டி அவரோடது."

அந்தம்மா குனிந்து பார்த்தார். கையில் இருந்த இரண்டாவது துண்டைப் பார்த்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். விரலை விட்டு வழித்து வழித்துத் துப்பினார். வெகுநேரம் ஆனது. மூக்கர் பக்கத்தில் போய்த் துவாலை ஒன்றை நீட்டினார், முகம் துடைத்துக்கொள்ள. அந்தம்மா அதை வாங்கவில்லை.

"நீங்களும் சாப்பிட்டீங்களே" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "தெரியாமத்தானே சாப்பிட்டீங்க?"

மூக்கர் மனைவியைப் பார்த்தார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒழுகின தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. இப்போது ஆமாம் என்று சொன்னால்கூட அவள் மறுத்துப் பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"தெரிஞ்சுதான்" என்றார்.

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேஜையில் விரித்த காகிதத்தை இரண்டு விரல் நுனியால் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏதோ சொல்ல வேண்டும் என்று மூக்கர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அந்தம்மா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி, இரண்டு எட்டு பின்னால் போனார்.